எந்த ஐஸ் ஹாக்கி அணிக்கு நம் காலைப்பொழுதைக் கொடுப்பது?

சிங்கப்பூரில் ஐஸ் ஹாக்கி பார்க்கும் தமிழர்கள் கொஞ்சம் பேர்தான். எனக்குத் தெரிந்த வட்டத்தில் அந்தக் கொஞ்சம் மெல்லக் கூடிவருகிறது. ஒருவருக்கு டொராண்டோவில் சொந்தம். ஒருவரின் மகன் கனடாவுக்குப் படிக்கப் போயிருக்கிறான். இன்னொருவர் 2024 இறுதிச்சுற்றின் தொகுப்பை யூடியூபில் தற்செயலாகப் பார்த்தவர், அப்படியே பிடித்துப்போய்விட்டது. எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகான என்எச்எல்லில் 32 அணிகள், ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடுகிறது. இதில் எதை நம் அணி என்று எடுத்துக்கொள்வது?

இங்கே இங்கிலிஷ் பிரிமியர் லீக் அணி என்பது பெரும்பாலும் அப்பாவிடமிருந்தோ மாமாவிடமிருந்தோ வருவது. காப்பிக் கடையில் எந்த மேசையில் உட்கார்ந்து வளர்ந்தோம் என்பது அதைத் தீர்மானித்துவிடும். ஐஸ் ஹாக்கியில் நமக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை, யோசித்துத் தேர்ந்தெடுக்கலாம். அந்த வாய்ப்பு இருக்கும்போது, பெயர்பெற்ற அணி, அழகான ஜெர்சி என்று போவதைவிட, அந்த அணி தன் ரசிகர்களுக்கு என்ன தருகிறது என்று பார்த்து முடிவெடுப்பது நல்லது.

ரசிகர் எதிர்பார்ப்பது மூன்று: வெற்றி, உழைப்பு, ரசிக்கத்தக்க ஆட்டம். இதில் வெற்றியை யாரும் உறுதிசெய்ய முடியாது. 32 அணிகளுக்கு ஒரே ஒரு ஸ்டான்லி கிண்ணம், அதுதான் லீகின் வாகையருக்கான கோப்பை. பக் என்ற ரப்பர் வட்டு கோல் கம்பத்தில் பட்டு வெளியே போகும் ஆட்டம் இது. உழைப்பு அப்படி இல்லை. இன்றைக்கு முழு மூச்சோடு ஆடுவதா வேண்டாமா என்பது முழுக்க ஆட்டக்காரர்களின் கையில் இருக்கிறது. அதனால்தான் தோல்வியைத் தாங்கிக்கொள்ளும் ரசிகர்கள்கூட அலட்சியத்தைத் தாங்கிக்கொள்வதில்லை. மனத்தில் நிற்கும் ரசனையும் பெரும்பாலும் அந்த உழைப்பிலிருந்துதான் பிறக்கிறது என்பது பல ஆண்டுகள் பார்த்தபின் எனக்கு உறுதியாகிவிட்டது.

நாம் டிக்கெட் வாங்குவதில்லை, நேரத்தைக் கொடுக்கிறோம். டொராண்டோ, ராலி (கரோலைனா அணியின் ஊர்), மயாமி பக்கத்து அணிகளின் இரவு 7 மணி ஆட்டம் நமக்குக் காலை 8 மணி. அக்டோபரிலும், மார்ச் நடுவிலிருந்து பருவம் முடியும்வரையும் அதுவே காலை 7. எட்மண்டன் சொந்தத் தளத்தில் இரவு 7 மணிக்கு ஆடினால் நமக்குக் காலை 9 அல்லது 10. வேலை நாளில் கிழக்குக் கரை ஆட்டத்தின் முதல் பகுதியைப் பெருவிரைவு ரயிலில் காதுக்கருவியோடு பார்த்துவிடலாம். எட்மண்டன் ஆட்டம் நேரே அலுவலகக் கூட்டத்தில் வந்து மோதும். சனிக்கிழமை இரவு அங்கே நடப்பது நமக்கு ஞாயிறு காலை. அந்த ஒரு நேரம்தான் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கத் தோதானது.

அணிகளுக்குப் போகுமுன் உழைப்பை எப்படி அடையாளம் காண்பது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாகப் பார்க்கிறவர்கள் மோதலைத்தான் உழைப்பு என்று எண்ணுகிறார்கள். யார் எத்தனை முறை எதிரியைச் சுவரில் மோதினார்கள் என்று திரையில் எண்ணிக்கை காட்டுவார்கள். பக் வைத்திருப்பவனைத்தான் மோத முடியும். அதிகம் மோதும் அணி பல நேரம் பக் கிடைக்காமல் துரத்திக்கொண்டிருக்கும் அணியாக இருக்கும்.

நான் பார்ப்பது வேறு. ஓர் ஆட்டக்காரர் பக்கை இழந்தவுடன் வைக்கும் முதல் மூன்று அடிகள். உடனே திரும்பி, முழங்காலை மடக்கி, தன் கோல் பக்கம் ஓங்கிச் சறுக்குகிறாரா, நிமிர்ந்து நின்று வளைந்து வளைந்து மிதந்து வருகிறாரா? ஒரு ஷிஃப்ட், அதாவது ஓர் ஆட்டக்காரர் ஒரு முறை தளத்தில் இறங்கி ஆடும் நேரம், ஏறக்குறைய 45 விநாடி. அந்த 45 விநாடியும் உயிரைக் கொடுத்து ஆடிவிட்டு பெஞ்சுக்கு ஓடிவருவதுதான் இந்த ஆட்டத்தின் அடிப்படை ஒழுக்கம். களைத்துப்போயும் வெளியே வராமல், ஒரு கோல் போட்டுவிடலாம் என்று ஒன்றரை நிமிடம் சுற்றிக்கொண்டிருக்கும் நட்சத்திரம் தன் அணிக்குச் செய்வது கெடுதல்தான். இதை ஒரு முறை கவனித்துப் பழகிவிட்டால் கோல் விழாத நிமிடங்களும் சுவாரஸ்யமாகிவிடும்.

உழைப்பின் உச்சம் எது என்று கேட்டால் 2013 ஜூன் 5 அன்று பாஸ்டனில் நடந்ததைக் காட்டுவேன். தண்டனையால் பாஸ்டன் புரூயின்ஸுக்கு ஓர் ஆள் குறைவு, எதிரணி பிட்ஸ்பர்க்குக்கு பவர் பிளே, அதாவது ஆள் கூடுதலாக ஆடும் நேரம். எவ்கெனி மால்கின் ஓங்கி அடித்த பக்கைத் தடுக்க கிரெகரி கேம்பல் குறுக்கே விழுந்தார். வலது கால் எலும்பு முறிந்துவிட்டது. அவர் எழுந்தார். ஒற்றைக் காலில் சாய்ந்தபடி, மட்டையை நீட்டி, பக் கடந்துபோகும் பாதையை மறைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு நிமிடம் தளத்திலேயே நின்றார். அந்த பவர் பிளேயில் கோல் விழவில்லை. அவர் பெரிய நட்சத்திரம் அல்லர், நான்காம் வரிசை ஆட்டக்காரர். அரங்கம் முழுக்க அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. இதைக் கால் முறிக்கச் சொல்லும் அளவுகோலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஒரு கூட்டம் எதற்காக எழுந்து நிற்கிறது என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிகிறது.

இனி அணிகள். டொராண்டோ மேப்பில் லீஃப்ஸிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் நம்மில் பலருக்கு அதுதான் முதலில் வந்து சேர்கிறது. ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் உறவுக்காரர் இல்லாத ஈழத் தமிழ்க் குடும்பம் சிங்கப்பூரில் அரிது. என் மனைவியின் அண்ணன் அங்கே இருக்கிறார். ஞாயிறு காலை நாங்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் சனி இரவுச் சோர்வோடு வாட்ஸ்அப்பில் இருப்பார். ஒரே ஆட்டத்தை இரண்டு கண்டத்தில் உட்கார்ந்து பார்ப்பது ஒரு பெரிய சந்தோஷம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த அணி தன் ரசிகர்களுக்குத் திருப்பித் தந்தது என்ன? கடைசியாகக் கிண்ணம் வென்றது 1967-இல், லீகில் ஆறே அணிகள் இருந்த காலத்தில். ஆஸ்டன் மேத்தியூஸ் 2023-24 பருவத்தில் 69 கோல் போட்டார். திறமைக்குக் குறைவே இல்லை. 2017 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் பிளேஆஃபுக்கு, அதாவது பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகளுக்கு, போன அணி, அந்த ஒன்பது ஆண்டுகளில் இரண்டே இரண்டு சுற்றுகளைத்தான் வென்றது. 2025 மே மாதம் புளோரிடாவுக்கு எதிராகச் சொந்தத் தளத்தில் ஐந்தாம் ஆட்டத்தில் 6-1 தோல்வி, ஏழாம் ஆட்டத்திலும் அதே 6-1. ரசிகர்களில் சிலர் ஜெர்சியைக் கழற்றித் தளத்தில் வீசினார்கள். மச்சான் அன்றைக்குச் சொன்னது: "உழைச்சுத் தோத்தா ஆரு கேக்கப்போகினம் மச்சான்? ஏனோதானோ எண்டு ஆடித் தோத்தாத்தான் நெஞ்சு எரியுது."

இந்த உரசல் புதிதல்ல. 2014 நவம்பரில் சொந்தத் தளத்தில் நேஷ்வில்லிடம் 9-2 என்று தோற்றபோது கூட்டம் சீறியது. இரண்டு நாள் கழித்து டம்பா பேயை வென்றார்கள். வென்றபின் தளத்தின் நடுவில் நின்று மட்டையைத் தூக்கி ரசிகர்களுக்கு வணக்கம் சொல்வது வழக்கம். அன்றைக்கு யாரும் தூக்கவில்லை, நேரே உள்ளே போய்விட்டார்கள். ஒரு வாரத்துக்கு ஊரெல்லாம் அதுதான் பேச்சு. காசு கொடுத்து வருகிறவனுக்குச் சத்தம்போட உரிமை உண்டு என்று ஒரு பக்கம், நாங்களும் மனிதர்கள்தானே என்று மறுபக்கம். என் மனம் ரசிகர்கள் பக்கம்தான். கூச்சலைப் பொறுத்துக்கொள்வது அந்தத் தொழிலோடு வருவது.

டொராண்டோவையும் கரோலைனா ஹரிகேன்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரே ஓர் ஆட்டம் போதும். 2020 பிப்ரவரி 22, சனிக்கிழமை இரவு, டொராண்டோவில். நமக்கு ஞாயிறு காலை. கரோலைனாவின் இரண்டு கோல்கீப்பர்களும் காயம்பட்டு வெளியேறிவிட்டார்கள். அப்படி நேர்ந்தால் அரங்கில் தயாராக உட்கார்ந்திருக்கும் உள்ளூர் ஆள் ஒருவரை இறக்கலாம் என்பது லீகின் அப்போதைய விதி. இறங்கியவர் டேவிட் அயர்ஸ். வயது 42, சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர், பனித்தளத்தைச் சீராக்கும் சம்போனி வண்டி ஓட்டியவர், அதுவும் டொராண்டோவின் இரண்டாம் நிலை அணி ஆடும் தளத்தில். அவரை நோக்கி வந்த முதல் இரண்டு ஷாட்டும் கோல்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் புதியவர்களுக்குப் போட்டுக்காட்டுவேன். மூன்றாம் பகுதியில் கரோலைனாவின் ஐந்து பேரும் அயர்ஸுக்கு முன்னால் அரண் கட்டிவிட்டார்கள். டொராண்டோவின் ஒவ்வொரு பாஸுக்கும் குறுக்கே ஒரு மட்டை. முன்வரிசை ஆட்டக்காரர்கள் தங்கள் நீலக்கோடு வரைக்கும் ஓடிவந்து தடுத்தார்கள். பக் கிடைத்தவுடன் திரும்பிப் பாய்ந்து கோலும் போட்டார்கள். டொராண்டோவின் அத்தனை நட்சத்திரங்களும் சேர்ந்து அந்தச் சம்போனி ஓட்டுநரை நோக்கி, அவர் இறங்கியதிலிருந்து ஆட்டம் முடியும்வரை, அடிக்க முடிந்தது 10 ஷாட். அவர் எட்டைத் தடுத்தார். கரோலைனா 6-3 வெற்றி, அயர்ஸ் அன்றைய முதல் நட்சத்திரம், அதாவது அந்த ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர். அயர்ஸின் கதை உலகம் முழுக்கப் போனது, போக வேண்டியதுதான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவருக்கு முன்னால் நின்றவர்கள். பின்னால் இருப்பவர் நம்மைவிடப் பலவீனமானவர் என்று தெரிந்ததும் அவர்கள் இருமடங்கு உழைத்தார்கள். எதிரணிக்கு அதே செய்தி தெரிந்தபோது இன்னும் அழுத்த வேண்டும் என்று தோன்றவில்லை. டொராண்டோ ரசிகர்கள் அந்த ஆட்டத்தை இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

கரோலைனாவின் பயிற்சியாளர் ராட் பிரிண்டமோர். 2006-இல் அதே அணி கிண்ணம் வென்றபோது தலைவராக இருந்தவர், 2018-இலிருந்து பயிற்சியாளர். அணி ஆடுவது அவர் ஆடியது போலவே இருக்கும்: பக்கை எதிரியின் மூலையில் போட்டுவிட்டு மூன்று பேர் பாய்வது, பறித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அடிப்பது. உழைப்பு என்றால் முரட்டுத்தனம் இல்லை என்பதற்கு அங்கே ஜேக்கப் ஸ்லேவின் என்ற தற்காப்பு ஆட்டக்காரர் இருக்கிறார். 2020-21 பருவத்தில் 52 ஆட்டங்களில் அவர் வாங்கியது ஒரே ஒரு இரண்டு நிமிடத் தண்டனை. எதிரணியின் மிகச் சிறந்தவர்களை எதிர்த்து நின்று, மட்டையாலேயே பறித்து எடுப்பார். உடலை எங்கே வைக்க வேண்டும் என்று ஒரு விநாடி முன்பே கணித்து அங்கே போய் நிற்பதும் உழைப்புதான்.

இதே அணிதான் 2018-19 பருவத்தில் சொந்தத் தளத்தில் வெல்லும்போதெல்லாம் ரசிகர்களோடு சேர்ந்து கூத்தும் நடத்தியது. கைகளைத் தலைக்குமேல் தட்டுவது, எல்லாரும் சேர்ந்து கண்ணாடிச் சுவரை நோக்கிப் பாய்வது, ஆட்டக்காரர்களே பௌலிங் கட்டைகளாக நின்று சரிந்து விழுவது. கனடாவின் பழம்பெரும் வர்ணனையாளர் டான் செரி தொலைக்காட்சியில் திட்டித் தீர்த்தார். அணி அந்தத் திட்டையே டீ-சட்டையில் அச்சடித்து விற்றது. அந்த வசந்தத்தில் பத்தாண்டுகளுக்குப் பிறகு பிளேஆஃபுக்கும் போனது. கொண்டாட்டமும் உழைப்பும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. வேலையை முடித்துவிட்டு ஆடினார்கள், அதனால் அந்தக் கூத்து இனித்தது.

குறையும் உண்டு. வந்த இடத்திலிருந்தெல்லாம் அடித்துக் குவிப்பார்கள், முடித்துவைக்கும் கை பல நேரம் இருக்காது. 2023 அரையிறுதியில் புளோரிடாவிடம் நான்கு ஆட்டமும் ஒவ்வொரு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள், அதில் முதல் ஆட்டம் நான்கு கூடுதல் பகுதிகள் நீண்டது. 2025-இலும் அதே புளோரிடா, அதே கட்டம். உழைத்தும் கிடைக்காமல் போவதைப் பார்க்க மனம் பழக வேண்டும்.

எட்மண்டன் ஆயிலர்ஸ் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். கானர் மெக்டேவிட் பக்கோடு நடுத்தளத்தைக் கடக்கும் அந்த மூன்று விநாடிகளுக்காகவே ஆட்டத்தைப் பார்க்கலாம். 2022-23-இல் அவர் எடுத்த புள்ளிகள் (கோலும் கோலுக்கு உதவிய பாஸும் சேர்த்து) 153. அதே பருவத்தில் அணியின் பவர் பிளே வாய்ப்புகளில் 32.4 விழுக்காடு கோலாயின, என்எச்எல் வரலாற்றிலேயே மிகச் சிறந்தது. வீட்டில் ஹாக்கி தெரியாத பிள்ளைகளையும் தாத்தா பாட்டியையும் உட்காரவைக்க இதைவிடப் பொருத்தமான அணி இல்லை. சில இரவுகளில் எதிரியின் பாதியில் மட்டும்தான் ஆட்டம் இருப்பதுபோல் நடந்துகொள்வார்கள், தங்கள் கோல் பக்கம் கதவு திறந்தே கிடக்கும். என்றாலும் 2024 இறுதிச்சுற்றில் 0-3 என்று பின்தங்கியவர்கள் 3-3 வரை வந்து, ஏழாம் ஆட்டத்தில் 2-1 என்று தோற்றார்கள். பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருது தோற்ற அணியின் மெக்டேவிட்டுக்கே போனது. வாங்கிக்கொள்ள அவர் தளத்துக்கு வரவில்லை. அதை மரியாதைக் குறைவு என்று சொன்னவர்கள் உண்டு, எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொகுப்புக் காட்சிகளில் மிகவும் மிளிரும் அணியும் இதுதான், அதனால் நேரலையைத் தவறவிட்டாலும் மாலையில் பத்து நிமிடத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

புளோரிடா பாந்தர்ஸ் 2024, 2025 இரண்டிலும் கிண்ணம் வென்ற அணி. உழைப்பு, முரட்டுத்தனம், திறமை மூன்றும் உண்டு. மேத்யூ கச்சக் 2023-இல் முறிந்த மார்பெலும்போடு இறுதிச்சுற்றில் ஆடியவர். கோல் விழுந்தால் ரசிகர்கள் ரப்பர் எலிகளை வீசிய பழக்கம் 1995-இல் உடைமாற்றும் அறையில் ஓர் ஆட்டக்காரர் எலி ஒன்றை அடித்ததிலிருந்து வந்தது. ஆனால் வெற்றி பெற்றபின் போய்ச் சேர்கிற ரசிகருக்கு அந்த அணியில் காத்திருந்த சுகம் கிடைக்காது. மே, ஜூன் மாதங்களில் ஆட்டத்தைக் கற்றுக்கொள்வதற்காகப் பாருங்கள். வேகாஸ் கோல்டன் நைட்ஸ் அணியைப் பற்றியும் இதே கருத்துதான், ஆட்டத்துக்கு முன் அவர்கள் நடத்தும் காட்சி மட்டும் தனி ரகம்.

வெற்றியை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1995-ஆம் ஆண்டு நியூ ஜெர்சி டெவில்ஸ் சான்று. நடுத்தளத்தை அடைத்து, எதிரியை மூச்சுத் திணறவைத்து, டெட்ராய்ட்டை நான்கே ஆட்டத்தில் வீழ்த்திக் கிண்ணம் எடுத்தார்கள். உழைப்பு இருந்தது, ஒழுங்கு இருந்தது. பிற அணிகளும் அதைப் பின்பற்ற, பல ஆண்டுகள் ஆட்டம் இறுகிப்போனது. 2004-05 பருவமே தொழில் தகராறில் ரத்தானபின், 2005-இல் விதிகளை மாற்றி, பிடித்து இழுப்பதற்குக் கறாராகத் தண்டனை கொடுத்து, நீண்ட பாஸை அனுமதித்துத்தான் லீக் ரசிகர்களை மீட்டது. தடுப்பதற்கு மட்டும் உழைக்கும் அணியை நான் மதிப்பேன், அதற்காக ஞாயிறு காலையைக் கொடுக்கமாட்டேன்.

நம்மூரிலேயே பார்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு: சிங்கப்பூர் 1996-இலிருந்து அனைத்துலக ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பின் உறுப்பினர். தென்கிழக்காசிய விளையாட்டுகளில் இந்த ஆட்டம் முதன்முதலாக இடம்பெற்ற 2017 கோலாலம்பூரிலும் நம் அணி ஆடியது. ஜூரோங் ஈஸ்ட்டில் ஜேகியூபில் இருந்த ஒலிம்பிக் அளவுப் பனித்தளம், நாட்டில் அந்த அளவில் இருந்த ஒன்றே ஒன்று, 2023 ஆகஸ்டில் கடைத்தொகுதியோடு மூடப்பட்டது எனக்குப் பெரிய இழப்பு. வேலை முடிந்தபின் ஆளுயரப் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி வந்து பயிற்சி எடுப்பவர்களுக்கு வசதியான தளம்கூட இல்லை. இவர்களிடம் மெக்டேவிட்டின் வேகத்தை எதிர்பார்க்க முடியாது. உழைப்பைப் பொறுத்தவரை, யாரும் சம்பளம் கொடுக்காத ஆட்டத்தில் இவர்கள் போடும் அளவு நான் தொலைக்காட்சியில் பார்ப்பதற்குக் குறைந்ததல்ல. கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் நின்று, பிளேடு பனியைச் சீவும் சத்தத்தைக் கேட்டால்தான் அந்த 45 விநாடி எவ்வளவு நீளம் என்று உடம்புக்கே தெரியும். நண்பர் ஆட்டமோ பயிற்சியோ, வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். இது வேறு எந்த அணியைப் பின்பற்றுவதற்கும் தடையில்லை.

என் முடிவு இது. கனடாவில் நெருங்கிய சொந்தம் இருந்தால் டொராண்டோவைப் பிடியுங்கள், ஞாயிறு காலைப் பேச்சுக்காகவே அது தகும். ஆனால் உழைப்பைக் கேட்டுச் சத்தம்போடத் தயங்காத ரசிகராக இருங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள், ஆட்டம் யாருக்கும் புதிது என்றால் எட்மண்டனில் தொடங்கலாம். எந்தக் கட்டும் இல்லாமல் சுதந்திரமாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பவருக்கு நான் சொல்வது கரோலைனா. கிண்ணம் வருமா என்று உத்தரவாதம் இல்லை. காலை 8 மணிக்குத் திரையைத் திறந்தால் அவர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு வேறு எந்த அணியிடமும் இவ்வளவு இல்லை.

நான் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம், ஒரு சோதனை இருக்கிறது. மனத்தில் இரண்டு அணிகள் இருந்தால், இரண்டும் வென்ற ஆட்டங்களை விட்டுவிடுங்கள், வெல்லும்போது எல்லா அணியும் நன்றாகத்தான் தெரியும். மூன்று கோல் பின்தங்கித் தோற்ற ஆட்டம் இரண்டு மூன்றை எடுத்து, மூன்றாம் பகுதியை மட்டும் பாருங்கள். ஆட்டம் கைவிட்டுப்போன பிறகும் பக்கை இழந்தவர் திரும்பி ஓடுகிறாரா, பெஞ்சில் இருப்பவர்கள் அவருக்குக் கையுறையால் தட்டிக்கொடுக்கிறார்களா என்று கவனியுங்கள். புதிய பருவம் தொடங்குவதற்குள் இதைச் செய்துவிடலாம்.